14 விண்டோ திறந்து வைத்து அல்லாடுகிற தம்பிக்கு

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீட்டிலிருந்தே வேலை. செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்தக் கடை, அவர்களுக்கு பில்லிங், ஸ்டாக், பேக்கப் என்று மூன்று சர்வர். உபுண்டு என்கிற லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் எந்நேரமும் 14 விண்டோ திறந்து கிடக்கிறது, அதில் பத்து டெர்மினல், அதாவது கட்டளை தட்டுகிற விண்டோ. ஆல்ட்-டேப் அடித்து எது எங்கே என்று தேடுவதற்குள் கடையிலிருந்து போன் வந்துவிடுகிறது. பனி இறங்கி நெட் போனால் பாதியில் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பும் சேர்ந்து செத்துவிடுகிறது. மவுஸைத் தொடாமல் கட்டளையிலேயே இதையெல்லாம் சமாளிக்க வழி உண்டா அண்ணா, கடைக்காரரும் அவ்வப்போது என் திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார், அதற்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. ஆனால் இதில் இரண்டு தொல்லை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. திறந்திருக்கிற விண்டோக்களில் வேண்டியதைக் கண்டுபிடிப்பது ஒன்று. வேலையே விண்டோவுக்குள் குடியிருப்பதால் விண்டோ போனால் வேலையும் போவது இன்னொன்று. எல்லாரும் முதலாவதைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள், பெரிய மானிட்டர் வாங்குகிறார்கள், இரண்டாவது மானிட்டர் வாங்குகிறார்கள். இரண்டாவதைத் தீர்த்தால் 14 என்பது தானாக நாலைந்தாகக் குறைந்துவிடும், அப்புறம் தேடுவதற்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் மட்டும் பெரிய என்று சொல்வேன். குழப்பம் வருகிற எழுத்துகளுக்கு டெல்லி-டி, டைகர்-டி, பாம்பே-பி, பேப்பர்-பி என்று போட்டுவிடுகிறேன்.

முதலில் பேக்கப் ஏன் சாகிறது என்று பார்த்துவிடுவோம். தூரத்து மெஷினுக்குள் பாதுகாப்பாகப் போக உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நீங்கள் சர்வருக்குள் போகும்போது அங்கே உங்களுக்காக ஒரு ஷெல், அதாவது நீங்கள் தட்டுகிற கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரல், பிறக்கிறது, நீங்கள் ஓட்டுகிற எல்லாமே அதன் பிள்ளைகள். இணைப்பு அறுந்தது தெரிந்ததும் லினக்ஸ் அந்த ஷெல்லுக்கு சிக்ஹப் என்று ஒரு சிக்னல் அனுப்பும், அதோடு ஷெல்லும் போகும், பிள்ளைகளும் போகும். மோடம் வைத்துப் போன் லைனில் வேலை செய்த காலத்து ஏற்பாடு அது, லைன் போனால் ஆளும் போய்விட்டார் என்று அர்த்தம். பனி விழுந்தாலும் அதற்கு அப்படித்தான் படும்.

இதை அறுப்பதற்குத்தான் டிமக்ஸ். எழுத்து எழுத்தாகச் சொன்னால் டைகர்-டி, எம், யூ, எக்ஸ். இது சர்வரிலேயே தனியாக ஓடிக்கொண்டிருக்கும், உங்கள் ஷெல்கள் எல்லாம் அதன் பிள்ளைகளாக இருக்கும், நீங்கள் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வீர்கள், போகும்போது பிய்த்துக்கொள்வீர்கள். டிவியை அணைத்தால் மேட்ச் நிற்காது அல்லவா, அதுதான் கணக்கு. 2007-இல் நிக்கோலஸ் மேரியட் வெளியிட்டது, 2009-இல் ஓபன்பிஎஸ்டி என்கிற இயங்குதளத்தோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. அதற்கும் இருபது வருடம் முன்னால் 1987-இலேயே ஸ்கிரீன் என்று ஒன்று வந்துவிட்டது, பழைய சர்வர்களில் அதுதான் கிடைக்கும், முதலில் அழுத்த வேண்டியது அதில் கன்ட்ரோல்-ஏ, இதில் கன்ட்ரோல்-பாம்பே-பி. எது உசத்தி என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. புதிதாகக் கற்கிறவர் டிமக்ஸையே கற்றுக்கொள்ளலாம்.

இதில் பலர் சறுக்குகிற இடம், டிமக்ஸை லேப்டாப்பில் ஓட்டுவது. லேப்டாப்பில் ஓட்டினால் பத்து டெர்மினல் ஒரே விண்டோவுக்குள் வந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நெட் போனால் உள்ளே இருக்கிற பத்து எஸ்எஸ்ஹெச்சும் பழையபடியே சாகும். ஓட வேண்டிய இடம் சர்வர். அப்படியென்றால் மூன்று சர்வரிலும் தனித்தனியாகவா? வேண்டாம். மூன்றும் ஒரே கடைக்குள், ஒரே லேனில், அதாவது கடையின் உள் நெட்வொர்க்கில் இருக்கின்றன. பேக்கப் சர்வரில் மட்டும் டிமக்ஸை வைத்து, பில்லிங்குக்கும் ஸ்டாக்குக்கும் அங்கிருந்தே எஸ்எஸ்ஹெச் போங்கள். மலையிலிருந்து கீழே வருவது ஒரே ஒரு இணைப்பு. அது நூறு தடவை அறுந்தாலும் கடைக்குள் இருக்கிற மற்ற இரண்டு இணைப்புக்கும் எதுவும் தெரியாது, அவை செப்புக் கம்பியில் பத்தடி தூரத்தில் ஓடுகின்றன.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பின் எஸ்எஸ்ஹெச் சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதில் நிற்கிற ரகசிய ஃபைல்) ஏஜென்ட் ஃபார்வர்டிங் மூலம் அங்கே இரவல் கொடுத்து அங்கிருந்து மற்ற சர்வருக்குப் போகலாம் என்று தோன்றும். முதல் தடவை வேலை செய்யும். இணைப்பு அறுந்து திரும்ப ஒட்டிக்கொண்டதும் டிமக்ஸுக்குள் இருக்கிற பழைய ஷெல்லுக்கு ஏஜென்ட் இருந்த இடம் மாறிப்போயிருக்கும், அனுமதி இல்லை என்று சொல்லும், ஏன் என்றே புரியாது. பேக்கப் சர்வரிலேயே அதற்கென்று ஒரு தனிச் சாவி உருவாக்கி, அதை மற்ற இரண்டிலும் சேர்த்துவிடுங்கள், மற்ற இரண்டில் அந்தச் சாவி என்ன செய்யலாம் என்பதையும் குறைத்து வையுங்கள். அந்தச் சர்வர் யார் கைக்காவது போனால் மூன்றும் போகும் என்பது நினைவில் இருக்கட்டும்.

சரி, கட்டளைக்கு வருவோம். பேக்கப் சர்வருக்குள் போய் இதைத் தட்டுங்கள்:

டிமக்ஸ் நியூ ஹைஃபன் பெரிய-ஏ ஹைஃபன் எஸ் கடை

கடை என்பது செஷனுக்கு, அதாவது டிமக்ஸுக்குள் சேர்ந்திருக்கிற விண்டோக்களின் தொகுப்புக்கு, நாம் வைக்கிற பெயர், அதையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இதில் எல்லாச் சூட்சுமமும் அந்தப் பெரிய ஏ-யில்தான் இருக்கிறது. கடை என்ற செஷன் ஏற்கெனவே இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கும். இருக்கிறதா இல்லையா, அட்டாச்சா நியூவா என்று யோசிக்கவே வேண்டாம். நெட் போய் வந்தால் இதே வரி, காலையில் முதல் வேலையாகவும் இதே வரி.

உள்ளே போனதும் எல்லாச் சாவிக்கும் முன்னால் கன்ட்ரோல்-பாம்பே-பி அழுத்தி விட வேண்டும், அப்புறம் இன்னொரு எழுத்து. சேர்த்து அழுத்தக் கூடாது, ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்று. இந்தக் கன்ட்ரோல்-பாம்பே-பியைத்தான் இனி முன்சாவி என்பேன். சி அழுத்தினால் புது உள்விண்டோ. எண் அழுத்தினால் அந்த எண்ணுள்ள விண்டோ. எல் அழுத்தினால் கடைசியாக இருந்த விண்டோவுக்குத் திரும்பும், பில்லிங்கும் ஸ்டாக்கும் மாறி மாறிப் பார்க்கும்போது இது ஒன்றே போதும். டெல்லி-டி அழுத்தினால் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுவீர்கள், உள்ளே எல்லாம் அப்படியே ஓடும்.

வந்த உடனே செய்ய வேண்டியது பெயர் வைப்பது. காற்புள்ளியை அழுத்தினால் விண்டோவுக்குப் பெயர் கேட்கும். பாஷ், பாஷ், பாஷ் என்று ஷெல்லின் பெயரே கீழே ஆறு தடவை வரிசையாக நிற்பதும் உங்கள் பழைய 14 விண்டோவும் ஒன்றுதான், ஒரு பயனும் இல்லை. பில், ஸ்டாக், லாக் என்று வைத்துவிட்டால், டபிள்யூ அழுத்தும்போது மரம் போல ஒரு பட்டியல் வரும், ஒவ்வொன்றுக்கும் உள்ளே என்ன ஓடுகிறது என்று சின்னதாகக் காட்டும், அம்புக்குறியில் நகர்ந்து என்டர் அடித்தால் போதும். எஃப் அழுத்தினால் தேடும். பெயரில் மட்டும் இல்லை, திரையில் தெரிகிற எழுத்திலும் தேடும், அதனால் எந்த விண்டோவில் எரர் வந்தது என்று மறந்துபோனால் எரர் என்று அடித்துத் தேடலாம். பல வருடமாக டிமக்ஸ் வைத்திருப்பவர்களுக்கே இது தெரிவதில்லை.

ஒரு விண்டோவைக் கட்டமாகப் பிரிப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேலையில் அதிகம் ஓடப்போவது இதுதான். மாதக் கடைசி, கடையில் பில் போட நேரமாகிறது, சர்வர் மெதுவாக இருக்கிறது என்று போன் வருகிறது என்று வையுங்கள். பில் விண்டோவில் இருக்கிறீர்கள். முன்சாவியை அழுத்திச் சதவீதக் குறியைப் போடுங்கள், திரை இடது வலதாகப் பிரியும். வலது கட்டத்தில் ஹெச்டாப் ஓட்டுங்கள், எந்த நிரல் சர்வரை எவ்வளவு தின்கிறது என்று அது காட்டும். இடது பக்கம் அம்புக்குறியில் வந்து முன்சாவி, இரட்டை மேற்கோள் குறி, அது மேல் கீழாகப் பிரியும். மேலே டெயில் ஹைஃபன் எஃப் போட்டு லாக், அதாவது நடப்பதைச் சர்வர் எழுதி வைக்கிற பதிவு, ஓடட்டும், கீழே நீங்கள் தட்டுவதற்கு வெறும் ஷெல். லாக்கில் ஒரு நீளமான வரி வந்து பாதி கட்டத்துக்குள் மடங்கி ஒன்றும் புரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் நின்று முன்சாவி, இசட். அந்த ஒரு கட்டம் மட்டும் முழுத் திரைக்கு விரியும், படித்துவிட்டு மறுபடி இசட், பழைய இடத்துக்குப் போய்விடும், மற்ற கட்டங்கள் அசையாது. கட்டம் கோணல்மாணலாகிவிட்டால் ஸ்பேஸ் அடித்துக்கொண்டே இருங்கள், தயாராக இருக்கிற அடுக்குகளில் ஒன்று பிடித்துப்போகும். ஒரு கட்டம் தனி விண்டோவாக வேண்டும் என்றால் ஆச்சரியக்குறி.

பேக்கப் ஓடும் விண்டோவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்த விண்டோவில் நின்று முன்சாவி, கோலன், அப்புறம் செட்டபிள்யூ மானிட்டர்-சைலன்ஸ் 60 என்று கொடுங்கள். 60 விநாடி எதுவும் திரையில் வராவிட்டால் கீழே அந்த விண்டோ பெயருக்குப் பக்கத்தில் அலைக்குறி விழும். பேக்கப் முடிந்துவிட்டது, இல்லாவிட்டால் எங்கோ மாட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டில் எதுவானாலும் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய நேரம். இதற்கு எதிர்ப்பக்கம் மானிட்டர்-ஆக்டிவிட்டி ஆன், அமைதியாக இருந்த விண்டோவில் ஏதாவது அசைந்தால் ஹேஷ் குறி போடும், எரர் லாக்குக்கு அதுதான் சரி.

மூன்று சர்வரிலும் ஒரே கட்டளையைத் தட்ட வேண்டியிருந்தால் மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர் வைத்து, கோலன் கொடுத்து செட்டபிள்யூ சிங்க்ரனைஸ்-பேன்ஸ். நடுவில் ஹைஃபன். இனி ஒன்றில் தட்டுவது மூன்றிலும் விழும். மறுபடி அதே வரியைக் கொடுத்தால் அணையும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் நான் இதை அளவோடுதான் வைத்துக்கொள்ளச் சொல்வேன், டிஸ்கில் இடம் எவ்வளவு, நேரம் சரியா என்று பார்ப்பதற்கு மட்டும். அழிக்கிற கட்டளை, ரீஸ்டார்ட் கட்டளை எதையும் இந்த நிலையில் தட்டாதீர்கள். மூன்றில் ஒன்று வேறு ஃபோல்டரில் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் கவனிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளி டிமக்ஸ் புள்ளி கான்ஃப் என்று ஒரு ஃபைல் வைத்து நாலு வரி போட்டுவிடுங்கள், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். ஒவ்வொரு வரியும் செட் ஹைஃபன் ஜி என்று தொடங்கும். மவுஸ் ஆன். ஹிஸ்டரி-லிமிட் 50000, ஏனென்றால் சும்மா விட்டால் 2000 வரிதான் ஞாபகம் வைத்திருக்கும், நீளமான லாக்குக்கு அது எந்த மூலைக்கும் போதாது, புதிதாகத் திறக்கிற கட்டங்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். பேஸ்-இண்டெக்ஸ் 1, கீபோர்டில் பூஜ்யம் வலது கோடியில் இருக்கிறது, முதல் விண்டோவுக்கு அவ்வளவு தூரம் போவானேன். கடைசியாக செட்-டைட்டில்ஸ் ஆன், இது எதற்கு என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். மவுஸை ஆன் செய்ததும் எழுத்தைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்வது பழைய மாதிரி வராது, டிமக்ஸே பிடித்துக்கொள்ளும், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால் பழைய மாதிரி வரும்.

சர்வரே அணைந்தால் டிமக்ஸும் போய்விடும், அதில் ஒளிவு மறைவு இல்லை. மின்வாரியம் பராமரிப்புக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துகிற நாளில் கடை யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் டிமக்ஸ் ஹேஸ்-செஷன் ஹைஃபன் டைகர்-டி கடை என்று கேட்டு, இருந்தால் மீதியைத் தாண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இப்படி:

டிமக்ஸ் நியூ ஹைஃபன் டெல்லி-டி ஹைஃபன் எஸ் கடை ஹைஃபன் என் பில்

டிமக்ஸ் செண்ட்-கீஸ் ஹைஃபன் டைகர்-டி கடை கோலன் பில், மேற்கோளுக்குள் எஸ்எஸ்ஹெச் பில், வெளியே என்டர்

டிமக்ஸ் நியூடபிள்யூ ஹைஃபன் டைகர்-டி கடை ஹைஃபன் என் ஸ்டாக்

முதல் வரியில் இருக்கிற டெல்லி-டி, ஒட்டிக்கொள்ளாமல் பின்னால் உருவாக்கு என்பதற்கு. செண்ட்-கீஸ் என்பது நீங்கள் கையால் தட்டுகிற மாதிரியே தட்டிவிடும், கடைசியில் இருக்கிற என்டர் என்ற சொல்லையும் அப்படியே எழுத வேண்டும், விட்டுவிட்டால் கட்டளை தட்டப்பட்டு ஓடாமல் நிற்கும். மின்சாரம் வந்ததும் இதை ஒரு தடவை ஓட்டினால் விண்டோக்கள், பெயர்கள், இணைப்புகள் எல்லாம் வந்து நிற்கும்.

இப்போது மலைப்பக்கத்துச் சங்கதி. நெட் போனதும் அந்த டெர்மினல் உறைந்து நிற்கும், எதைத் தட்டினாலும் அசையாது, கன்ட்ரோல்-சி கூட வேலைக்கு ஆகாது, நீங்கள் விண்டோவையே மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பீர்கள். தேவையில்லை. என்டர், அப்புறம் அலைக்குறி, அப்புறம் புள்ளி. இது சர்வருக்குப் போகாது, உங்கள் லேப்டாப்பில் இருக்கிற எஸ்எஸ்ஹெச்சே பிடித்து இணைப்பை உடனே வெட்டிவிடும். அலைக்குறி ஒரு வரியின் முதல் எழுத்தாக இருந்தால்தான் கேட்கும், அதற்குத்தான் முன்னால் என்டர். அதுவாகவே வெட்டிக்கொள்ள வேண்டும் என்றால் லேப்டாப்பில் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் சர்வர்அலைவ்இன்டர்வெல் 30 என்று போடுங்கள். 30 விநாடிக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கும், மூன்று தடவை பதில் இல்லாவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் விட்டுவிடும்.

அதே கான்ஃபிக்கில் கடை என்று ஒரு ஹோஸ்ட் உருவாக்கி, அதன் கீழ் ரிக்வெஸ்ட்டிடிஒய் யெஸ் என்று ஒரு வரி, ரிமோட்கமாண்ட் என்று போட்டு மேலே சொன்ன டிமக்ஸ் நியூ வரியை முழுதாக இன்னொரு வரி. எஸ்எஸ்ஹெச் கடை என்று தட்டினால் நேராக விட்ட இடத்துக்கே போய்விடுவீர்கள். ஃபைல் அனுப்புவதற்கும் ஒற்றைக் கட்டளை ஓட்டுவதற்கும் இந்தப் பெயர் ஆகாது, இரண்டு கட்டளை ஒரே நேரத்தில் முடியாது என்று மறுத்துவிடும், அதற்கு ரிமோட்கமாண்ட் இல்லாத இன்னொரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு, மோஷ். எம்ஐடியில் உருவாகி 2012-இல் வந்தது. நெட்டில் தரவு போகிற இரண்டு முறைகளில் டிசிபிக்குப் பதில் யூடிபியில் ஓடுகிறது, உங்கள் ஐபி மாறினாலும் கவலைப்படாது. வீட்டு வைஃபை போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலும், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்தில் திறந்தாலும் அதே விண்டோ தானாக உயிர்பெறும். சிக்னல் மோசமாக இருக்கும்போது நீங்கள் தட்டுகிற எழுத்தைச் சர்வர் பதிலுக்குக் காத்திராமல் உடனே திரையில் காட்டும், கோடை விழா சமயத்தில் மலை முழுக்கக் கூட்டம் நிறைந்து டேட்டா நகராத நாளில் இதன் அருமை தெரியும். பழைய வரிகளை மேலே தள்ளிப் பார்க்க மட்டும் மோஷில் முடியாது, உள்ளே டிமக்ஸ் இருப்பதால் அந்தக் குறையும் தெரியாது. சர்வர் ஃபயர்வாலில் யூடிபி 60000 முதல் 61000 வரை திறக்க வேண்டும், எல்லாம் வேண்டாம், முதல் பத்து போர்ட் திறந்தாலே உங்கள் ஒருவருக்குப் போதும்.

டிமக்ஸ் இல்லாமல் வெறும் விண்டோவில் ஒரு நீளமான வேலையைத் தொடங்கிவிட்டீர்கள், வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, என்ன செய்வது? கன்ட்ரோல்-இசட் அழுத்தி நிறுத்தி, பேக்கிரவுண்டுக்கு பாம்பே-பி ஜி, அப்புறம் டிஸ்ஓன். இணைப்பு போனாலும் வேலை நிற்காது, ஆனால் அதன் திரையை இனிப் பார்க்க முடியாது, திரையில் எழுத முயன்று அது தடுக்கி விழவும் வாய்ப்பு உண்டு. பார்த்தே ஆக வேண்டும் என்றால் ரெப்டிஒய்ஆர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது, டிமக்ஸுக்குள்ளிருந்து அந்த வேலையின் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால் இங்கே இழுத்துக்கொண்டு வந்துவிடும். உபுண்டு இதைப் பாதுகாப்புக்காகத் தடுத்து வைத்திருக்கும், யாமா ஃபோல்டரில் பிடிரேஸ் கீழ்க்கோடு ஸ்கோப் என்பதைப் பூஜ்யமாக்கி, வேலை முடிந்ததும் ஒன்றாக்கிவிட வேண்டும். பிள்ளை ப்ராசஸ் நிறைய உள்ள வேலைக்கு இது தகராறு செய்யும்.

இவ்வளவும் செய்தால் டெர்மினல் பத்து ஒன்றாகிவிட்டது. மிச்சம் பிரவுசர், ஃபைல் மேனேஜர், கணக்கு ஷீட், ஒரு பிடிஎஃப். இவற்றுக்கு டபிள்யூஎம்சிடிஆர்எல், இதில் டி என்பது டைகர்-டி. உபுண்டுவில் மென்பொருள் நிறுவுகிற ஆப்ட் கட்டளையில் கிடைக்கும், சின்னக் கருவி. ஹைஃபன் எல் கொடுத்தால் திறந்திருக்கிற எல்லா விண்டோவும் வரிசையாக வரும், அடையாள எண், எந்த டெஸ்க்டாப், மெஷின் பெயர், தலைப்பு என்று. ஹைஃபன் ஏ கொடுத்துத் தலைப்பில் ஒரு துண்டை எழுதினால் அந்த விண்டோ இருக்கிற டெஸ்க்டாப்புக்கே உங்களைக் கூட்டிப்போகும். ஹைஃபன் பெரிய-ஆர் கொடுத்தால் அதை நீங்கள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவரும். பெரும்பாலும் நமக்கு வேண்டியது பெரிய-ஆர்தான், அலைவதை விட அழைப்பது மேல்.

இங்கேதான் முன்பு சொன்ன செட்-டைட்டில்ஸ் உதவுகிறது. சாதாரணமாக டெர்மினல் தலைப்பு யூசர் பெயரும் ஃபோல்டரும் என்று மாறிக்கொண்டே இருக்கும், அதை வைத்துத் தேட முடியாது. டிமக்ஸ் தலைப்பை எடுத்துக்கொண்டால் அதில் செஷன் பெயர் வந்துவிடும், அப்புறம் பெரிய-ஆர் கடை என்றால் எங்கிருந்தாலும் வந்து நிற்கும்.

இதைக் கீபோர்டில் பூட்டுவதுதான் முக்கியம். செட்டிங்ஸில் ஒரு ஷார்ட்கட் உருவாக்கி இப்படிக் கொடுங்கள்: டபிள்யூஎம்சிடிஆர்எல் ஹைஃபன் எக்ஸ் ஹைஃபன் ஏ ஃபயர்ஃபாக்ஸ், அப்புறம் இரண்டு நேர்கோடு, அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ். திறந்திருந்தால் முன்னால் கொண்டுவா, இல்லாவிட்டால் திற என்று அர்த்தம். நேர்கோடு ஷெல்லுக்குத்தான் புரியும் என்பதால் முழுவதையும் மேற்கோளுக்குள் வைத்து முன்னால் எஸ்ஹெச் ஹைஃபன் சி போட வேண்டும். நாலு மென்பொருளுக்கு நாலு சாவி இப்படி வைத்துவிட்டால் ஆல்ட்-டேப்பை மறந்துவிடுவீர்கள்.

விண்டோவை இடத்தில் பொருத்த ஹைஃபன் சின்ன-ஆர் தலைப்பு ஹைஃபன் ஈ, அப்புறம் காற்புள்ளி போட்டு ஐந்து எண். 0,0,0,960,1080 என்றால் முழு ஹெச்டி திரையில் இடது பாதி. முதல் பூஜ்யம் அப்படியே இருக்கட்டும், அடுத்த இரண்டு இடம், கடைசி இரண்டு அகலமும் உயரமும். மேக்ஸிமைஸ் ஆகியிருக்கிற விண்டோ இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது, கட்டளை சரி, விண்டோ அசையாது, பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். முதலில் ஹைஃபன் பாம்பே-பி போட்டு ரிமூவ், மேக்ஸிமைஸ்ட்-வெர்ட், மேக்ஸிமைஸ்ட்-ஹார்ஸ் என்று காற்புள்ளி போட்டுக் கொடுத்து விடுவித்துவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். அந்த இரண்டு சொல்லிலும் நடுவில் ஹைஃபன் இல்லை, கீழ்க்கோடு.

ஒரே மாதிரி பல விண்டோவை மொத்தமாகச் சுருக்க எக்ஸ்டூடூல் இருக்கிறது: எக்ஸ்டூடூல் சர்ச், இரண்டு ஹைஃபன் நேம் பிடிஎஃப், விண்டோமினிமைஸ், சதவீதக்குறியும் அட் குறியும். அந்தக் கடைசி இரண்டு குறியை விட்டுவிட்டால் முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் சுருக்கிவிட்டு நின்றுவிடும்.

இந்த இரண்டும் எக்ஸ்11-க்கு, அதாவது விண்டோக்களைத் திரையில் காட்டுகிற பழைய ஏற்பாட்டுக்கு எழுதப்பட்டவை. உபுண்டு 21.04-இலிருந்து பெரும்பாலான மெஷினில் அதற்குப் பதிலான புது ஏற்பாடு வேலேண்டுதான் முதலில் வருகிறது. அதில் ஒரு மென்பொருள் இன்னொன்றின் விண்டோவைத் தொட விடமாட்டார்கள், பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. எக்கோ டாலர், பெரிய எழுத்தில் எக்ஸ்டிஜி கீழ்க்கோடு செஷன் கீழ்க்கோடு டைப் என்று தட்டிப் பாருங்கள், வேலேண்ட் என்று வந்தால் ஹைஃபன் எல் பட்டியலில் பாதி விண்டோ காணாமல் போயிருக்கும். லாகின் திரையில் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸ்ஆர்க் (எக்ஸ்11-தான்) தேர்ந்தெடுக்கலாம், 22.04-இலும் 24.04-இலும் அது இருக்கிறது, 25.10-இல் எடுத்துவிட்டார்கள். வேலேண்டிலேயே இருந்துகொண்டு கட்டளையில் ஆட்டிவைக்க வேண்டும் என்றால் ஸ்வே என்கிற வேறு டெஸ்க்டாப்புக்குப் போங்கள், ஸ்வேஎம்எஸ்ஜி என்ற ஒரே கட்டளையில் எல்லா விண்டோவும் கைக்குள் வரும். ஆனால் நாலு விண்டோவுக்காக டெஸ்க்டாப்பையே மாற்ற வேண்டுமா என்று கேட்டால், டிமக்ஸ் ஒழுங்காக அமைந்துவிட்ட ஆளுக்கு வேண்டாம் என்பேன்.

கடைசியாகக் கடைக்காரர் விஷயம். கடையில் இருக்கிற விண்டோஸ் மெஷினில் அவருக்கு விண்டோஸ் டெர்மினல் போட்டுக் கொடுங்கள், எஸ்எஸ்ஹெச் விண்டோஸிலேயே இருக்கிறது. பேக்கப் சர்வருக்குள் அவர் உங்கள் யூசரிலேயே வந்து டிமக்ஸ் அட்டாச் ஹைஃபன் ஆர் ஹைஃபன் டைகர்-டி கடை என்று தட்டினால் உங்கள் திரை அப்படியே அவருக்கும் தெரியும், நீங்கள் தட்டுவது எழுத்து எழுத்தாக ஓடும். அந்த ஆர் பார்க்க மட்டும் என்பதற்கு, அவர் கைபட்டு ஒன்றும் நடக்காது. இதையும் அவரைத் தட்ட விடாமல், அவருக்கென்று ஒரு சாவி கொடுத்து, சர்வரில் ஆத்தரைஸ்ட் கீழ்க்கோடு கீஸ் ஃபைலில் அந்தச் சாவிக்கு முன்னால் கமாண்ட் ஈக்வல் என்று போட்டு மேற்கோளுக்குள் இந்த வரியைப் பூட்டிவிடுங்கள். அதே இடத்தில் ரெஸ்ட்ரிக்ட், காற்புள்ளி, பேப்பர்-பி டைகர்-டி ஒய் என்றும் சேர்த்தால் அந்தச் சாவியை வைத்து வேறு எதுவும் செய்ய முடியாது. டிமக்ஸ் பழைய பதிப்பாக இருந்தால் இருவரில் சின்னத் திரை யாருடையதோ அந்த அளவுக்கு உங்களுடையதும் சுருங்கி ஓரத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும், 3.1-இலிருந்து கடைசியாக யார் தட்டினார்களோ அவர் திரை அளவை எடுத்துக்கொள்கிறது. அவர் சின்ன விண்டோவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டால், முன்சாவி, பெரிய டெல்லி-டி, பட்டியலில் அவரைத் தேர்ந்தெடுத்து என்டர்.